பக்கத்து வீட்டுப் பிராணிக்குச் சுகமில்லைபோல் தெரிந்தால் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் பதினொரு வருடமாக இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகளில் நாய் இருக்கிறது, பூனை வளர்ப்பவர்கள் அதைவிடக் கூட. எல்லோரும் ஒரே லிப்டில்தான் ஏறி இறங்குகிறோம், பின்னேரம் ஒரே மரைன் டிரைவில்தான் நடக்கிறோம். ஆகவே ஒரு வீட்டு நாய் நொண்டினால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் நிற்பதுதான் பெரிய சங்கடம். அயலவர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. இருபது வருடமாக நாய் வளர்ப்பவள், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுப் பிராணியைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை? வீண் தலையீடு ஆகாதா?

என் நாய் சுட்டி இன்று உயிரோடு இருப்பது ஒரு அயலவர் தலையிட்டதால். அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் நடுவில் நின்று பதில் சொல்ல முடியாது.

சுட்டி பெட்டை நாய். அப்போது ஏழு வயது, கருத்தடை செய்திருக்கவில்லை. எங்கள் பின்பக்கப் பல்கனிக்கு எதிரே ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுத் தாத்தா (முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நாயைத் தொடமாட்டார், லிப்டில் சுட்டி நின்றால் அடுத்த லிப்டுக்குக் காத்திருப்பார். ஒருநாள் காலை உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றவர் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, கோவிக்க வாணாம். ஒங்கட நாய் ரெண்டு மூணு நாளா தண்ணிச் சட்டியை விட்டு அசையுதில்ல. குடிக்குது, படுக்குது, திரும்பக் குடிக்குது" என்றார்.

நான் வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் வருவேன். சட்டி காலியாவது தெரிந்தது. வெயில் காலம்தானே என்று நினைத்து நிரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அன்றே காட்டினோம். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்குச் சூட்டுக்காலம் முடிந்து சில வாரங்களில் இது வரும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கடினம் என்றார் டொக்டர்.

அந்தத் தாத்தாவுக்கு நாயைப் பற்றி எதுவும் தெரியாது. நோய் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் சொன்னார். உரிமை என்று கேட்டால் இவ்வளவு போதும்: நீங்கள் கண்டீர்கள், வீட்டுக்காரர் காணவில்லை.

எனக்கும் ஒன்றும் தெரியாது. நான் நினைப்பது பிழையாக இருந்தால்?

பாதி நேரம் பிழையாகத்தான் இருக்கும். வயதான நாயின் கண்மணி நீலம் பூத்ததுபோல் இருப்பது பெரும்பாலும் மூப்பு, அது எப்போதும் கண்புரையாக இருக்காது. மெலிந்த நாய் ஏற்கனவே சிறுநீரக நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். மயிர் திட்டுத் திட்டாக இல்லாமல் இருப்பது ஊசி ஏற்ற டொக்டர் வழித்த இடமாக இருக்கலாம். மட்டக்குளியில் இருக்கும் என் சித்தியின் பூனைக்குப் பிறவியிலேயே ஒரு கால் கட்டை. தெருவில் போகிறவர்கள் எல்லோரும், "ஐயோ, பூனைக்குக் கால் உடைஞ்சு போச்சு" என்று மணி அடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். சித்திக்கு ஒன்பது வருடமாக அதே பதில்.

அதனால்தான் முடிவாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்க வேண்டும். கேள்வி பிழைத்தால் யாருக்கும் நட்டமில்லை. "நாயைப் பட்டினி போடுகிறார்கள்" என்ற முடிவு பிழைத்தால் அந்த வீட்டோடு உங்கள் உறவு முடிந்தது.

எதற்கு உடனே கதவைத் தட்ட வேண்டும்? எதற்குப் பொறுக்கலாம்?

இதை விரிவாகவே எழுதுகிறேன். நாசூக்குப் பார்த்து நேரம் கடத்தக்கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் கடுவன் பூனை. மண் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை. வீட்டுக்காரர் மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இதை அறிந்தால் இரவு பதினொரு மணியானாலும் மணியை அடியுங்கள்.

அடுத்தது வெயில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பின் புழுக்கம் நமக்கே தாங்காது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றும், காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது. மேற்குப் பார்த்த பல்கனியில் மத்தியானம் கட்டியிருக்கும் நாய், அதிலும் பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு நாய்களும், நாக்கு வெளியே தொங்க, எச்சில் கயிறாக வடிய, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். வீட்டில் ஆளிருந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, மின்விசிறியைப் போட்டு, அப்படியே டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஆளில்லாவிட்டால் காவலாளியிடம் சொல்லி வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுக்கச் செய்யுங்கள்.

குட்டி நாய் இரத்தமாகக் கழிந்து சத்தி எடுத்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம், தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். அல்சேஷன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய், வயிறு ஊதி, சத்தி எடுக்கப் பார்த்தும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுகியிருக்கலாம், அதற்கு இருப்பது சில மணித்தியாலம்தான். வலிப்பு வந்தாலும், எலிப் பாஷாணம் தின்றதைக் கண்டாலும் யோசிக்கவே வேண்டாம்.

கூட்டில் இருக்கும் லவ்பேர்ட்ஸ் செட்டையைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியில் குந்தியிருந்தால் அதுவும் அவசரம்தான். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும்படி வாடுகிறது என்றால் ஏற்கனவே முற்றிவிட்டது.

உண்ணிக் காய்ச்சல் இவற்றுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் வரும். இலங்கை நாய்களுக்கு இது சாதாரணமாக வருவதால் எல்லோருமே "உண்ணிதானே" என்று விட்டுவிடுகிறோம். உண்ணி கடிப்பதால் இரத்தத்தில் கிருமி புகுந்து, நாய் சாப்பாட்டை விட்டு, பல்முரசு வெளிறி, சலம் தேயிலைச் சாயம்போல் போக ஆரம்பித்தால் இன்றோ நாளையோ இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். நேரத்துக்குப் பிடித்தால் குணமாக்கலாம்.

காது சொறிதல், நகம் நீளமாக வளர்தல், வாய் நாற்றம், கொஞ்சம் நொண்டுதல், மயிர் உதிர்தல், மெல்ல மெல்ல மெலிதல் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல சந்தர்ப்பம் வரும்வரை சில நாட்கள் பொறுக்கலாம். மாதங்கள் பொறுக்கக்கூடாது.

சரி, பேச்சை எப்படித் தொடங்குவது?

பெயரோடு தொடங்குங்கள். "உங்கட நாய்" என்பதற்கும் "டொமி" என்பதற்கும் தூரம் அதிகம். பெயர் சொன்ன உடனே, நீங்கள் குறை சொல்ல வரவில்லை, அதைத் தெரிந்தவராக வந்திருக்கிறீர்கள் என்பது புரிந்துவிடும். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். அதுவே நல்ல தொடக்கம்.

பிறகு கண்டதை, கண்ட நாளோடு சொல்லுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வையுங்கள். எங்கள் கட்டடத்தில் நான் ஒருவரிடம் சொன்னது இப்படி: "அன்ரி, டொமி ரெண்டு நாளா படியேறேக்க இடையில நிண்டு நிண்டு ஏறுது. வீட்டிலயும் அப்பிடியோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். "வீட்டிலயும் அப்பிடியோ?" என்றால் அவருக்கு இரண்டு வழி திறக்கிறது. தெரிந்திருந்தால், "ஓம் பிள்ளை, மூட்டு நோ, குளிசை குடுக்கிறம்" என்று சொல்லலாம். தெரியாதிருந்தால், "அப்பிடியோ, நான் கவனிக்கேல்லை" என்று மானம் போகாமல் ஒப்புக்கொள்ளலாம். இதையே "டொமியை டொக்டரிட்ட காட்டேல்லையோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சொல்லைத் தவிர்க்கச் சொல்வேன்: மணக்குது. நாய் மணக்குது என்றால் கேட்பவருக்கு வீடு மணக்குது என்றுதான் காதில் விழும். நம் ஆட்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. கொழும்பின் ஈரக் காற்றில் லப்ரடோர், கொக்கர் மாதிரித் தொங்கு காது நாய்களுக்குக் காதில் புண் வந்து நாறுவது வழக்கம். அதற்கு, "ரெக்ஸ் தலையை ஒரு பக்கம் சரிச்சு வைச்சிருக்கு, காதையும் சொறியுது, காதுக்குள்ள ஏதும் நோவோ தெரியேல்லை" என்றால் போதும். மணம் தானாகக் கண்டுபிடிக்கப்படும்.

உங்கள் சொந்த அனுபவம் இருந்தால் அதை முன்னுக்கு வைப்பது இன்னும் இலகு. சுட்டியின் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. "எனக்கும் தெரியாமத்தான் இருந்தது" என்ற ஒரு வசனம் எதிரே நிற்பவரின் தோளை இறக்கிவிடும்.

எங்கே வைத்துச் சொல்வது? வட்ஸ்அப் குழுவில் போடலாமா?

போடாதீர்கள். நாற்பது வீட்டுக்காரர் இருக்கும் குழுவில், படத்தோடு, "இந்த நாய் யாருடையது? சொறி பிடித்திருக்கிறது" என்று ஒருவர் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் இருபது பதில். அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நாயை நடக்கவே கூட்டிவரவில்லை. நாய்க்குச் சுகமானதா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

லிப்டும் சரிவராது, அரை நிமிடத்தில் கதவு திறந்துவிடும். பிள்ளைகள் முன்னால், விருந்தாளி முன்னால், கோயில் வாசலில் வேண்டாம். நடை போகும்போது பக்கத்தில் சேர்ந்து நடந்துகொண்டே சொல்வது எனக்குப் பிடித்த வழி. முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை, இருவர் கண்ணும் நாயில்தான் இருக்கும். நேரில் முடியாவிட்டால் தனியாகக் குரல் பதிவு அனுப்பலாம், எழுத்தில் அனுப்பினால் சூடாகத் தெரிகிற விஷயம் குரலில் கனிவாகப் போய்ச் சேரும்.

கேட்டால் காட்டுவதற்கு ஒரு சிறு வீடியோ வைத்திருப்பது உதவும். இருமல், வலிப்பு, நொண்டல் எல்லாம் கிளினிக் வாசலில் ஒளிந்துகொள்ளும். டொக்டருக்கு உங்கள் வீடியோ பயன்படலாம். வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுங்கள்.

வயதில் பெரியவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களிடம் எப்படி?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இதுதான் நான் அதிகம் காண்பது. மகன் மெல்பேர்னில், மகள் டொரொன்டோவில், அவர்கள் ஆசையாக வாங்கிய லப்ரடோர் எழுபத்தைந்து வயது அப்பா அம்மாவோடு மூன்றாம் மாடியில். நாய்க்கும் பதினொரு வயது.

இந்த வீடுகளில் பிரச்சினை கவனக்குறைவு இல்லை. முப்பது கிலோ நாயை ஓட்டோவில் யார் தூக்கி ஏற்றுவது என்பதுதான். நடக்க முடியாத நாயோடு நடக்க முடியாத ஐயா படியில் நிற்பார், கேட்டால், "அதுக்கு வயசு போச்சு பிள்ளை, எங்களை மாதிரி" என்பார். அந்த வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதான நாயின் மூட்டு நோவுக்கு மருந்து இருக்கிறது. அவர் மறைத்துப் பேசுவது இயலாமையை.

இங்கே நாசூக்கான பேச்சு பாதிதான், மீதி கை கொடுப்பது. "சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டிலதான் நிப்பன் ஐயா. ரெண்டு பேருமாச் சேர்ந்து கொண்டுபோவமே?" என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். "ஏதும் தேவையென்றால் சொல்லுங்கோ" என்று பொதுவாகச் சொன்னால் அந்தத் தலைமுறை ஒருபோதும் கேட்காது. ஓட்டோ கூப்பிடும்போது நாய் வருகிறது என்று முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு மறுத்தால் ஐயாவுக்கு அதுவே போதும், இன்னொரு முறை வெளிக்கிடமாட்டார். கொழும்பில் வீட்டுக்கு வந்து பார்க்கும் மிருக வைத்தியர்களும் இருக்கிறார்கள், விசாரித்து ஒரு எண்ணை எடுத்துக் கொடுங்கள்.

மெல்பேர்ன் மகனுக்கு நேரே தகவல் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். பெற்றோருக்குத் தெரியாமல் வேண்டாம். "தம்பிக்கு நான் ஒருக்கா எடுத்துச் சொல்லட்டோ?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பல நேரங்களில் அவர்களே, "ஓம், நீங்களே சொல்லுங்கோ, நாங்கள் சொன்னா அவன் பயந்திடுவான்" என்பார்கள்.

நாயைப் பார்த்துக்கொள்வது வீட்டில் வேலைக்கு நிற்பவர். அவரிடம் கேட்கலாமா?

கேட்கலாம், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, எப்போது சத்தி எடுத்தது என்பது அவர் வாயில்தான் வரும். ஆனால் வீட்டுக்காரரிடம் பேசும்போது, "உங்கட வேலைக்காரப் பிள்ளை சொன்னா" என்று ஆரம்பிக்காதீர்கள். மலையகத்திலிருந்து வந்து அந்தச் சம்பளத்தை நம்பி நிற்பவராக இருக்கும். நாய்க்கு வருத்தம் வந்த பழி அவர் தலையில் விழும், வேலையும் போகலாம். நீங்களே கண்டதாகச் சொல்லுங்கள். நீங்களும் கண்டீர்கள்தானே.

அயலவர் சிங்களம். எனக்குச் சிங்களம் குறைவு. என்ன செய்வது?

நாய் பூனை விஷயத்தில் மொழி குறைவது பெரிய தடையே இல்லை. "அக்கே, ரெக்ஸ்ட சனீப நெத்த?" என்று கேட்டால், ரெக்ஸுக்குச் சுகமில்லையா என்று கேட்டதாகும். மீதியைக் கையால் காட்டலாம். இங்கேயும் பெயர் சொல்லுங்கள். நாய் என்பதற்கான சிங்களச் சொல் நம் மொழியில் போலவே வசவாகவும் வரும். குறைவான சிங்களத்தில் வந்து கேட்டதற்காகவே அவர்கள் மனம் இளகியதை நான் கண்டிருக்கிறேன்.

பணம் இல்லாததால்தான் காட்டவில்லை என்று தோன்றுகிறது. அதை எப்படிப் பேசுவது?

நீங்களாகப் பணத்தைப் பற்றி எடுக்காதீர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் பிராணிச் செலவுதான் முதலில் வெட்டப்பட்டது. அதை வெளியே சொல்ல யாருக்கும் மனம் வராது. செலவு குறையும் வழியைத் தகவலாகச் சொல்லுங்கள்: "முதல்ல காட்டி என்னெண்டு கேக்கிறதுக்குப் பெரிசா எடுக்கமாட்டினம் அக்கா, பிறகு என்ன செய்யிறதெண்டு யோசிக்கலாம்." பயம் பெரும்பாலும் பில் எவ்வளவு வரும் என்று தெரியாததில்தான் இருக்கிறது. டொக்டரிடம் முதலிலேயே, "எங்களால் இவ்வளவுதான் முடியும், எதை முதலில் செய்யலாம்?" என்று கேட்பதில் வெட்கமில்லை, அவர்களுக்கு அது தினமும் கேட்கும் கேள்வி.

விசர்நாய்த் தடுப்பூசியை மாநகர சபையும் சுகாதாரத் துறையும் இலவசமாகவே போடுகின்றன. அந்த முகாம் நடக்கும் நாள் தெரிந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போங்கள். அங்கே மிருக வைத்தியர் இருந்தால் அவர் கண்ணில் அந்த நாய் படுவதே ஒரு நன்மை.

"நாங்கள் வீட்டில் மருந்து பூசுகிறோம்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

என்ன மருந்து என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேப்பெண்ணெய், மஞ்சள் என்றால் உடனே சண்டைக்குப் போக வேண்டியதில்லை, சொறிக்கு அது போதாது என்று மெதுவாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு விஷயங்களில் மரியாதை பார்த்துப் பேசாமல் இருக்காதீர்கள்.

ஒன்று, சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது. கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாசிலும் இன்னும் செய்கிறார்கள், யாரோ பழைய மனிதர் சொல்லிக் கொடுத்திருப்பார். தோலால் உள்ளே போகும், நாய் நக்கும்போது வயிற்றுக்கும் போகும். அது விஷம். "அண்ணே, எங்க பெரியப்பாவும் இதத்தான் பூசினாரு. இப்ப ஒரு குளிசையிலயே சொறி போகுதாம், டொக்டர்கிட்ட கேட்டுப் பாப்பமா?" என்று சொல்லலாம். பழைய வழியைப் பழிக்காமல் புதிய வழி ஒன்று வந்திருக்கிறது என்று சொல்வதுதான் இங்கே எடுபடும்.

மற்றது பனடோல். நமக்குக் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் அதுதான் என்பதால் பூனைக்கும் பாதி உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அன்போடுதான். அதில் இருக்கும் பரசிற்றமோலைப் பூனையின் உடம்பால் செரிக்க முடியாது. ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லும். முரசு நீலமாகவோ மண்ணிறமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அடையாளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே டொக்டரிடம் போகச் சொல்லுங்கள். நாய்க்கும் நம் வலி மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

நானே இரகசியமாக மருந்தோ சாப்பாடோ கொடுத்தால்?

வேண்டாம். அது ஏற்கனவே என்ன மருந்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பாசத்தோடு கொடுக்கும் கறிச் சோற்றில் இருக்கும் வெங்காயமே நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுக்கும்.

அந்த நாயின் நோய் எங்கள் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

சில தொற்றும். நாய்ச் சொறியில் ஒரு வகை மனிதருக்கும் அரிப்பைக் கொடுக்கும். பூனைக் குட்டிகளின் படர்தாமரை பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டும். மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் சலத்தால் மனிதருக்கும் பரவலாம். ஆனால் பெரும்பாலான நாய் நோய்கள் நமக்கு வருவதில்லை. உண்மையிலேயே உங்கள் கவலை பிள்ளையைப் பற்றி என்றால் அதை நேராகச் சொல்லுங்கள், "மகளின்ர கையில சொறிஞ்சு சிவந்திருக்கு, டொக்டர் வீட்டில நாய் இருக்கோ எண்டு கேட்டவர்" என்று. நாய்க்காகப் பேசப் போய், கேட்கவில்லையே என்று தொற்றுப் பயத்தைக் கிளப்பாதீர்கள். பயந்த வீடு நாயை வைத்தியரிடம் கொண்டுபோகாது, தூரக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிடும். மரைன் டிரைவில் கழுத்துப் பட்டியோடு அலையும் நாய்கள் அப்படி வந்தவைதான் என்று எனக்கு எண்ணம்.

விசர்நாய் நோய் மட்டும் வேறு கணக்கு. அடையாளம் தெரிந்த பிறகு அதற்குச் சிகிச்சை இல்லை. சாதுவாக இருந்த நாய் திடீரென்று கண்டதைக் கடித்தாலோ, தாடை தொங்கி எச்சில் வடிந்து விழுங்க முடியாமல் தவித்தாலோ கிட்டப் போகாமல் வீட்டுக்காரருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். கீறல் சின்னது, தெரிந்த நாய் என்றெல்லாம் பார்க்க வேண்டாம்.

சொன்னேன். கோபித்துக்கொண்டார்கள். இப்போது என்ன?

விளக்கம் சொல்லாதீர்கள், மன்னிப்பை நீட்டவும் வேண்டாம். "சரி அக்கா, மனசுக்குப் பட்டதைச் சொன்னனான்" என்று நிறுத்திவிடுங்கள். கோபித்தவர்களில் பலர் அன்றிரவே நாயை விளக்குக்கு முன்னால் இருத்திப் பார்ப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தாத்தா சொன்ன கணத்தில் நான் முகம் சுளித்தேன். "வெயிலுக்குத்தான் குடிக்குது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளே போய்த்தான் சுட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு கிழமை கழித்து ஒன்றும் மாறவில்லை என்றால் இன்னொரு முறை, வேறொருவர் மூலம். அந்த வீட்டோடு ஒட்டுள்ளவர், இன்னொரு நாய்க்காரர், அவர்கள் மதிக்கும் ஒரு பெரியவர். கூட்டமாகப் போய் நிற்காதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, பிராணி வதைபடுகிறது. முறைப்பாடு செய்யலாமா?

செய்யலாம். 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பொலிஸில் முறைப்பாடு கொடுக்க முடியும். ஆனால் அந்தச் சட்டம் அடித்து வதைப்பதை மனதில் வைத்து நூறு வருடத்துக்கு முன்னர் எழுதப்பட்டது. வைத்தியரிடம் காட்டாமல் விட்டதற்கு அதைப் பிடித்துக்கொண்டு போவது சுலபமில்லை. தண்ணீர் இல்லாமல் கட்டிப்போடுவது, புழு வைத்த புண்ணோடு விடுவது, வீட்டைப் பூட்டிவிட்டு நாள்கணக்கில் போவது என்றால் தயங்காதீர்கள். திகதி போட்டுப் படங்கள் எடுத்து வையுங்கள், ஒரு பிராணிநல அமைப்பையும் கூட்டிக்கொண்டு போங்கள். இது பேச்சு முடிந்துபோன இடத்தில் செய்ய வேண்டியது. முதல் நாளே பொலிஸ் என்று வாயெடுத்தால் பிறகு பேச்சுக்குத் திரும்ப வழியில்லை.

காட்டினார்கள், மருந்து நடக்கிறது. என் வேலை முடிந்ததா?

நடுவில் நிற்காதீர்கள், ஆனால் விசாரியுங்கள். "நான் அண்டைக்கே சொன்னன்" என்பதை மட்டும் எந்த வடிவிலும் சொல்லாதீர்கள். பிராணி தப்பவில்லை என்றால் இன்னும் கவனம் வேண்டும். "கொஞ்சம் முந்திக் காட்டியிருந்தா" என்று அவர்கள் சொன்னால், "நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தனீங்கள்" என்று சொல்லி, அதன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் இருங்கள்.

சுட்டிக்குப் பத்தாம் நாள் தையல் வெட்டினார்கள். அந்தப் பத்து நாளும் தாத்தா காலையில் உடுப்புக் கூடையோடு பல்கனிக்கு வருவார், கழுத்தில் கூம்பு கட்டிக்கொண்டு படுத்திருக்கும் நாயைப் பார்ப்பார், என்னைப் பார்த்து, "சாப்பிட்டிச்சா?" என்று கேட்பார். நானும், "கொஞ்சம் சாப்பிட்டது தாத்தா" என்பேன். பதினொராம் நாள் நான் பல்கனிக்கு வர முந்தியே அவர் குரல் கேட்டது. "சுட்டி, ஒங்கட உம்மா எங்க?" என்று நாயிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.